கிறிஸ்து பிறப்பு வரலாற்றைப் பொருளறிந்து படிக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு வாரமான திருவருகைக் காலம் தொடங்கியதும் வீட்டிலோ சபையிலோ நாலைந்து பேராகச் சேர்ந்து வேதாகமத்தைப் பிரிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே யோசனைதான்: மத்தேயுவையும் லூக்காவையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாகப் படியுங்கள். கிறிஸ்துமஸ் குடிலில் மேய்ப்பர்களும் ராஜாக்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். சுவிசேஷங்களில் அவர்கள் சந்தித்துக்கொள்வதே இல்லை. வசனங்களும் பெயர்களும் பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி தரப்பட்டுள்ளன.

பிறப்பு வரலாறு வேதாகமத்தில் எங்கெங்கே இருக்கிறது?

மத்தேயு 1, 2 அதிகாரங்கள்; லூக்கா 1, 2 அதிகாரங்கள். அவ்வளவுதான். மாற்கு நேராக யோர்தான் கரைக்குப் போய், யோவான் ஸ்நானகனிடமிருந்து தொடங்கிவிடுகிறார். யோவான் சுவிசேஷம் "ஆதியிலே வார்த்தை இருந்தது" என்று படைப்புக்கு முன்னால் போய்விடுகிறது. பெத்லகேம் இரவைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. சுவிசேஷங்களுக்கு முன்பே எழுதப்பட்ட பவுலின் நிருபங்களில் ரோமர் 1:3, கலாத்தியர் 4:4 ஆகிய இரண்டு இடங்களில் இயேசு பிறந்ததைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு சொல் வருகிறது. ஊரும் இல்லை, நட்சத்திரமும் இல்லை.

அப்படியானால் மத்தேயுவும் லூக்காவும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்களா?

ஒரு தாளை இரண்டாகப் பிரித்துக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் எழுதிப் பாருங்கள். மத்தேயுவின் பக்கத்தில் யோசேப்பு, சொப்பனங்கள், கிழக்கிலிருந்து வரும் சாஸ்திரிகள் (நட்சத்திரம் பார்க்கும் ஞானிகள்), யூதேயாவின் ராஜா ஏரோது, எகிப்துக்கு ஓட்டம் எல்லாம் வரும். லூக்காவின் பக்கத்தில் சகரியா, எலிசபெத்து, காபிரியேல் தூதன், குடிமதிப்பு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு), முன்னணை (தீனித்தொட்டி), மேய்ப்பர்கள், சிமியோன், அன்னாள். ஒரு பக்கத்தில் இருப்பது மறுபக்கத்தில் ஏறக்குறைய இல்லவே இல்லை.

வழியும் வேறு. லூக்காவில் குடும்பம் நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு வந்து, எருசலேம் ஆலயத்துக்குப் போய், அமைதியாக ஊர் திரும்புகிறது. மத்தேயுவில் அவர்கள் நாசரேத்திலிருந்து வந்ததாகவே இல்லை. பெத்லகேமில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள், அங்கிருந்து இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடுகிறார்கள். ஏரோது இறந்த பிறகும் யூதேயாவுக்குத் திரும்பப் பயந்து, நாசரேத்தில் புதிதாகக் குடியேறுகிறார்கள்.

ஆனாலும் இரண்டு பேரும் ஒத்துப்போகும் இடங்கள் முக்கியமானவை. தாய் மரியாள், அவளுக்கு நியமிக்கப்பட்ட யோசேப்பு தாவீதின் வம்சம், கர்ப்பம் பரிசுத்த ஆவியினால், பிறந்த ஊர் பெத்லகேம், வளர்ந்த ஊர் நாசரேத்து, காலம் ஏரோதின் ஆட்சி, "இயேசு" என்ற பெயர் தூதன் சொன்னது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதவில்லை என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுவதால், இந்தப் பொதுப் பகுதி இரண்டுக்கும் முந்திய மரபிலிருந்து வந்திருக்க வேண்டும்.

முரண்பாடு என்று சண்டைக்குப் போவதும், எப்படியாவது ஒட்டவைத்தே தீருவேன் என்று நிற்பதும் படிப்புக்கு உதவுவதில்லை என்பது என் கருத்து. இவர் ஏன் இதை எடுத்தார், அவர் ஏன் அதை எடுத்தார் என்று கேட்டால்தான் கதை வாய் திறக்கும்.

மத்தேயு முதல் அதிகாரத்தில் வரும் பெயர்ப் பட்டியலைத் தாண்டிப் போகலாமா?

கூட்டத்தில் சத்தமாக வாசிக்கச் சொன்னால் யாருக்கும் நாக்கு புரளாது, அது உண்மை. ஆனால் தாண்டினால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மத்தேயு தன் பட்டியலை மூன்று பதினான்குகளாகக் கட்டியிருக்கிறார்: ஆபிரகாம் முதல் தாவீது வரை, தாவீது முதல் பாபிலோன் சிறையிருப்பு வரை, அங்கிருந்து கிறிஸ்து வரை. எபிரெய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீதின் பெயரைக் கூட்டினால் 4+6+4, ஆக 14. இந்தக் கணக்குக்காக அவர் சிலரை விட்டுவிடுகிறார். யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று ராஜாக்கள் காணாமல் போயிருக்கிறார்கள். நாளாகமத்தோடு ஒப்பிட்டால் தெரியும். சலாத்தியேலில் தொடங்கி விரல்விட்டு எண்ணினால் கடைசிப் பகுதியில் பதின்மூன்று பெயர்தான் வருகிறது. பதிவு அலுவலகச் சான்றிதழாக இதை அவர் எழுதவில்லை என்று இதிலேயே புரிந்துவிடும்.

அப்புறம் பெண்கள். தகப்பன் பெயர்களாகவே ஓடும் பட்டியலில் மரியாளுக்கு முன்னால் நான்கு பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். சாராள், ரெபேக்காள் போன்ற மதிப்பான பெயர்களைத்தான் எதிர்பார்ப்போம். வருகிறவர்களோ தாமார், ராகாப், ரூத், "உரியாவின் மனைவியாயிருந்தவள்". மாமனாருக்கு முன்னால் முக்காடிட்டு உட்கார்ந்து தன் உரிமையைப் பெற்றவள் தாமார். எரிகோவின் வேசி ராகாப். ரூத் மோவாபியப் பெண். நான்காமவளான பத்சேபாளின் பெயரை மத்தேயு எழுதவே இல்லை. கணவனின் பெயரைத்தான் எழுதுகிறார். தாவீது யாரைக் கொல்ல வைத்தான் என்பது அந்த ஒரு சொல்லிலேயே வந்துவிடுகிறது.

இந்த நான்கு பேருக்கும் பிறகு, திருமணத்துக்கு முன்பே கர்ப்பமான மரியாள் வருகிறாள். ஊர் என்ன பேசியிருக்கும் என்பது மத்தேயுவுக்குத் தெரியும். இந்த வம்சத்தில் தேவன் இப்படித்தான் வேலை செய்துவந்திருக்கிறார் என்று முதல் பதினேழு வசனத்திலேயே சொல்லிவிட்டார்.

மாட்டுத்தொழுவத்தில்தான் பிறந்தாரா?

லூக்கா தொழுவம் என்று சொல்லவில்லை. முன்னணை, அதாவது மாட்டுக்குத் தீனி வைக்கும் தொட்டி, என்று மட்டும் சொல்கிறார். தொழுவம் நம் ஊகம். பாலஸ்தீன மலைநாட்டில் இரவில் ஆடுமாடுகளை வீட்டுக்குள்ளேயே தாழ்வான பகுதியிலோ, வீட்டை ஒட்டிய குகையிலோ கட்டுவது வழக்கம். அதனால் கூட்டம் நெருக்கிய ஒரு வீட்டிலேயே பிறந்திருக்கலாம் என்றும் சிலர் படிக்கிறார்கள். குகை என்ற மரபும் பழையது. 2-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளரே அதைக் குறிப்பிடுகிறார். அந்தக் குகையின் மேல்தான் 4-ஆம் நூற்றாண்டில் ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்துக் கோயில் எழுந்தது. பின்னால் வந்த பேரரசன் ஜஸ்டினியன் காலத்தில் திரும்பக் கட்டப்பட்ட கோயில் இன்றும் நிற்கிறது. அதன் வாசல், பெரியவர்கள் குனிந்துதான் நுழைய முடியும் என்னும் அளவுக்குச் சிறியது.

கதவைச் சாத்திய சத்திரக்காரர் வேதத்தில் இல்லை. கிறிஸ்துமஸ் நாடகத்தில் அந்த வேடத்துக்கு எப்போதும் நல்ல நடிகன் கிடைத்துவிடுகிறான், அது வேறு விஷயம். மாடும் கழுதையும்கூட லூக்காவில் இல்லை. அவை ஏசாயா 1:3-லிருந்து நடந்து வந்தவை: "மாடு தன் எஜமானையும், கழுதை தன் ஆண்டவனின் முன்னணையையும் அறியும்". 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் உண்மையான மாட்டையும் கழுதையையும் நிறுத்தி நடத்திய கிறிஸ்துமஸ் வழிபாடுதான் நம் குடில் வழக்கத்துக்குப் பெரிய உந்துதல்.

சாஸ்திரிகள் மூன்று பேரா? ராஜாக்களா?

எத்தனை பேர் என்று மத்தேயு சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று. ஆகவே ஆளும் மூன்று என்று ஆகிவிட்டது. சங்கீதம் 72, ஏசாயா 60 ஆகியவற்றில் ராஜாக்கள் காணிக்கையோடு வருவதால் இவர்களுக்கும் கிரீடம் ஏறியது. காஸ்பர், மெல்கியோர், பல்தாசார் என்ற பெயர்கள் பல நூற்றாண்டு கழித்து வந்தவை. அவர்கள் வந்ததும் முன்னணைக்கு அல்ல, "வீட்டுக்கு" (மத்தேயு 2:11).

எண்ணிக்கையைவிட இன்னொன்றைக் கவனியுங்கள். மேசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டதும் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் மீகா 5:2-ஐத் தட்டாமல் தடுமாறாமல் சொல்லிவிடுகிறார்கள். பெத்லகேம் எருசலேமிலிருந்து ஏறத்தாழ 9 கிலோமீட்டர். காலையில் நடந்தால் மதியத்துக்குள் போய்ச் சேரலாம். அவர்களில் ஒருவரும் போகவில்லை. நட்சத்திரம் பார்த்துப் பிழைக்கும் புறஜாதிக்காரர்கள் போனார்கள்.

அந்த நட்சத்திரம் எது?

கி.மு. 7-இல் வியாழனும் சனியும் ஒரே ஆண்டில் மூன்று முறை நெருங்கி வந்தன. வால்நட்சத்திரம், புதிதாக வெடித்த விண்மீன் என்று வேறு யோசனைகளும் உண்டு. எதுவும் ஒரு வீட்டுக்கு மேலே வந்து நிற்காது. மத்தேயு மனதில் வைத்திருப்பது எண்ணாகமம் 24:17 என்றே தோன்றுகிறது: "ஒரு நட்சத்திரம் யாக்கோபிலிருந்து உதிக்கும்". அதைச் சொன்ன பிலேயாமும் கிழக்கிலிருந்து வந்த அந்நியன்தான். இஸ்ரவேலைச் சபிக்கச் சொல்லி ஒரு ராஜா வரவழைத்தும் ஆசீர்வதித்துவிட்டுப் போனவன்.

ஏரோது குழந்தைகளைக் கொன்றது உண்மையில் நடந்ததா?

மத்தேயுவைத் தவிர வேறு யாரும் அதைப் பதிவு செய்யவில்லை. ஏரோதின் கொடுமைகளைப் பக்கம் பக்கமாக எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸும் இதைச் சொல்லவில்லை. இதை வைத்து நடக்கவே இல்லை என்பாரும் உண்டு. பெத்லகேம் சின்ன ஊர், சில நூறு பேர் இருந்திருந்தால் இரண்டு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் சிலர்தான் இருந்திருப்பார்கள், அதனால் செய்தியாகவில்லை என்பாரும் உண்டு. வரலாற்று ஆதாரத்தைக் கொண்டு எந்தப் பக்கமும் முடித்துவிட முடியாது.

ஏரோதுக்கு இது பொருந்தாத செயல் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. தன் மனைவி மரியம்னேயைக் கொன்றான். கி.மு. 7-இல் அவள் பெற்ற இரண்டு மகன்களைக் கழுத்தை நெரித்துக் கொல்லவைத்தான். சாவதற்குச் சில நாள் முன்பு மூத்த மகன் ஆந்திப்பாத்தரையும் தீர்த்துக்கட்டினான். தான் சாகும்போது நாட்டில் அழுகை கேட்க வேண்டும் என்று, யூதப் பெரியவர்களை எரிகோவில் அடைத்து, தன் உயிர் போனதும் அவர்களைக் கொல்லச் சொன்னதாக ஜோசஃபஸ் எழுதுகிறார். நல்லவேளை, அந்தக் கட்டளை நிறைவேறவில்லை. பெத்லகேமுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 5 கிலோமீட்டரில், குன்றின் மேல் அவன் கட்டிய ஏரோதியம் கோட்டை நிற்கிறது. அந்த ஊர் மேய்ப்பன் தலையை நிமிர்த்தினால் ராஜாவின் அரண்மனை தெரியும்.

மத்தேயு இந்தப் பகுதியை யாத்திராகமத்தின் சாயலில் எழுதியிருக்கிறார். ஆண் குழந்தைகளைக் கொல்லும் ராஜா, தப்பிக்கும் ஒரு குழந்தை, எகிப்து. மோசேக்குக் கர்த்தர் சொல்வது: உன் பிராணனை வாங்கத் தேடின மனிதர் எல்லாரும் இறந்துபோனார்கள் (யாத்திராகமம் 4:19). யோசேப்புக்குத் தூதன் சொல்வது: பிள்ளையின் பிராணனை வாங்கத் தேடினவர்கள் இறந்துபோனார்கள் (மத்தேயு 2:20). இறந்தது ஏரோது ஒருவன்தான். ஆனாலும் "தேடினவர்கள்" என்று பன்மையில் நிற்கிறது. பழைய வசனத்தை அப்படியே எடுத்து வைத்த அடையாளம் அது. ஒரு திருப்பமும் இருக்கிறது: மோசே எகிப்திலிருந்து ஜனங்களை விடுவித்தார், இங்கேயோ எகிப்துதான் அடைக்கலம், பார்வோனின் வேலையைச் செய்கிறவன் யூதேயாவின் ராஜா.

லூக்கா சொல்லும் குடிமதிப்பு எப்போது நடந்தது? இயேசு பிறந்த ஆண்டு எது?

இது லூக்காவில் உள்ள கடினமான முடிச்சு. பிறப்பை ஏரோதின் காலத்திலும் வைக்கிறார், சிரேனியு என்ற ரோம ஆளுநரின் குடிமதிப்போடும் சேர்க்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4 என்பது பெரும்பாலோர் ஏற்கும் கணக்கு. சிரேனியு சீரியாவை ஆண்டபோது யூதேயாவில் குடிமதிப்பு எடுத்தது கி.பி. 6-இல். நடுவில் ஏறத்தாழ பத்து வருட இடைவெளி. சிரேனியு முன்னொரு தடவையும் பதவியில் இருந்தான், அதற்கு முந்திய வேறொரு குடிமதிப்பு என்றெல்லாம் விளக்கம் தருகிறார்கள். எதற்கும் உறுதியான சான்று இல்லை. லூக்கா தேதியைக் குழப்பிவிட்டார் என்பதே பல ஆய்வாளர்களின் முடிவு, எனக்கும் அதுவே எளிதாகப் படுகிறது. இயேசு பிறந்தது கி.மு. 6-க்கும் 4-க்கும் நடுவே என்று வைத்துக்கொள்ளலாம். கிறிஸ்து கி.மு.வில் பிறந்தாரா என்று சிரிப்பு வரும். ஆண்டுக் கணக்கை 6-ஆம் நூற்றாண்டில் வகுத்த தியோனீசியு என்ற துறவி சில வருடம் தவறிவிட்டார், அவ்வளவுதான்.

தேதியே சரியில்லை என்றால் லூக்கா ஏன் ரோமப் பேரரசன் அகுஸ்துராயனைப் பெயர் சொல்லி இழுக்கிறார்?

இங்கேதான் லூக்காவின் கதை சூடு பிடிக்கிறது. இன்றைய துருக்கியில் உள்ள பிரியேனே நகரில் கி.மு. 9-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஆசியா மாகாணத்தார் அகுஸ்துவின் பிறந்தநாளையே தங்கள் புத்தாண்டாக மாற்றிக்கொண்ட தீர்மானம் அது. அவன் போரை முடித்த இரட்சகன் என்றும், அந்தத் தெய்வத்தின் பிறந்தநாள் உலகத்துக்கு நற்செய்திகளின் தொடக்கம் என்றும் அது புகழ்கிறது. அதே ஆண்டில் ரோமில் அகுஸ்துவின் சமாதானத்துக்கென்று ஒரு பலிபீடம் பிரதிஷ்டை செய்யப்பட்டது. தேவனாக்கப்பட்ட சீசரின் குமாரன் என்பது அவன் நாணயங்களில் பொறித்த பட்டம்.

இப்போது லூக்கா 2-ஐ எடுங்கள். முதல் வசனத்தில் அகுஸ்துவின் கட்டளை. பத்து வசனம் கழித்து வயல்வெளியில் தூதன் சொல்வது நற்செய்தி, பிறந்திருப்பவர் இரட்சகர், பாடல் பூமியிலே சமாதானம். பேரரசன் தனக்கென்று வைத்திருந்த பட்டங்களை எல்லாம் எடுத்து, தீனித்தொட்டியில் கிடக்கும் குழந்தைக்குச் சூட்டிவிடுகிறார் லூக்கா. கேட்பவர்கள் இராக்காவல் காக்கும் ஆட்டிடையர்கள். அந்தக் காலத்தில் ரோம ஆட்சியின் கீழ் இதை வாசித்தவருக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

மரியாளின் பாடல் தாழ்மையான துதிப்பாடல்தானே?

லூக்கா 1-இல் கர்ப்பிணியான மரியாள் பாடும் அந்தப் பாடலில் தாழ்மைதான், ஆனால் மென்மை குறைவு. "பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளி, தாழ்மையானவர்களை உயர்த்தினார்" என்பது தாலாட்டு வரி இல்லையே! 1 சாமுவேல் 2-இல் பிள்ளையில்லாத அன்னாள், பிள்ளை பெற்ற பின் பாடும் பாட்டோடு வரிக்கு வரி சேர்த்துப் படியுங்கள். தாழ்ந்தவர் உயர்வதும், பசித்தவர் நிறைவதும் அங்கிருந்தே வருகின்றன.

கொஞ்சம் தள்ளி இன்னொரு விவரம். பிள்ளையை ஆலயத்துக்குக் கொண்டுபோகும்போது யோசேப்பும் மரியாளும் கொடுக்கும் பலி ஒரு ஜோடு காட்டுப்புறா அல்லது இரண்டு புறாக்குஞ்சு (லூக்கா 2:24). லேவியராகமம் 12-இன்படி கொடுக்க வேண்டியது ஓராட்டுக்குட்டி. அதற்கு வசதியில்லாதவர்களுக்கே புறா. பசியுள்ளவர்களைப் பற்றிப் பாடியவள் எந்தப் பக்கம் நின்று பாடினாள் என்பது இதில் தெரிகிறது.

"கன்னிகை கர்ப்பவதியாகி" என்ற ஏசாயாவின் வசனம் முதலில் யாரைப் பற்றியது?

ஏசாயா 7 முழுவதையும் படித்தால், சீரியாவும் வடக்கு இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமைத் தாக்க வந்தபோது, நடுங்கிப்போன ஆகாஸ் ராஜாவுக்குக் கொடுத்த அடையாளம் அது என்று தெரியும். காலம் கி.மு. 8-ஆம் நூற்றாண்டு. அந்தப் பிள்ளை நன்மை தீமை அறியும் முன்பே பகை நாடுகள் பாழாகும் என்பது ஆகாஸ் கேட்ட செய்தி. மத்தேயு அந்த வசனத்தில் இன்னொரு நிறைவைக் காண்கிறார். அவருடைய கண் "இம்மானுவேல்" என்ற பெயரில் இருக்கிறது. "தேவன் நம்மோடிருக்கிறார்" என்று முதல் அதிகாரத்தில் அதற்குப் பொருள் சொல்லி, புத்தகத்தின் கடைசி வசனத்தில் இயேசுவின் வாயில் "நான் உங்களுடனேகூட இருக்கிறேன்" என்று வைத்து முடிக்கிறார். கன்னிப் பிறப்பை நம்புவதும் நம்பாததும் அவரவர் விசுவாசம். இந்த இரண்டு முனைகளையும் சேர்த்துப் பார்ப்பது யாருக்கும் முடியும்.

யோசேப்பு ஏன் பேசுவதே இல்லை?

சுவிசேஷங்களில் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வருவதில்லை. சொப்பனம் காண்பார், எழுந்திருப்பார், செய்வார். பழைய ஏற்பாட்டில் சொப்பனம் கண்டு எகிப்துக்குப் போன யோசேப்பின் பெயரே இவருக்கும். தமிழில் இவருக்கென்று ஒரு காப்பியமே உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் பாடிய தேம்பாவணியின் நாயகன் வளன் என்ற சூசையப்பர்தான்.

குர்ஆனிலும் இந்தக் கதை உண்டாமே?

உண்டு. 19-ஆம் அத்தியாயத்தின் பெயரே மர்யம். அங்கே மர்யம் தனியாகப் போய், பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலியில் துடிக்கிறார். காலடியில் நீரோடை, மேலே உலுக்கினால் விழும் கனி. ஊர் பழிக்கும்போது தொட்டில் குழந்தையே பேசித் தாய்க்காக நிற்கிறது. யோசேப்பு அங்கே வருவதில்லை. ஈசா (இயேசு) அங்கே தேவகுமாரன் அல்ல, இறைத்தூதர். முஸ்லிம் நண்பர்களோடு சேர்ந்து லூக்காவையும் மர்யம் அத்தியாயத்தையும் வாசிக்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

டிசம்பர் 25 எப்படி வந்தது?

வேதத்தில் தேதி இல்லை. 354-இல் தொகுக்கப்பட்ட ஒரு ரோமானியப் பஞ்சாங்கத்தில்தான் டிசம்பர் 25 தெளிவாகத் தெரிகிறது. சூரியன் விழாவின் இடத்தைப் பிடித்தது என்பது ஒரு விளக்கம். மார்ச் 25-இல் கர்ப்பம் தரித்ததாகக் கொண்டு ஒன்பது மாதம் கூட்டினார்கள் என்பது இன்னொன்று. ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-இல் கொண்டாடுகிறது.

சரி, நான்கு வாரம் இருக்கிறது. எந்த வரிசையில் படிப்பது?

முதல் வாரம் லூக்கா 1, கூடவே 1 சாமுவேல் 1, 2. இரண்டாம் வாரம் லூக்கா 2. மூன்றாம் வாரம் மத்தேயு 1, அதோடு ஆதியாகமம் 38, ரூத்தின் புத்தகம், ஏசாயா 7. ரூத் நான்கே அதிகாரம், ஒரே மூச்சில் முடிந்துவிடும். நான்காம் வாரம் மத்தேயு 2, அதோடு யாத்திராகமம் 1 முதல் 4 வரை, ஓசியா 11, எரேமியா 31. எரேமியாவை 15-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட வேண்டாம். மத்தேயு அங்கிருந்து எடுத்துக்காட்டும் ராகேலின் அழுகைக்கு 16, 17-இல் பதில் இருக்கிறது. லூக்கா வாரங்களில் யாராவது ஏரோதின் கொலையையோ சாஸ்திரிகளையோ பற்றிக் கேட்டால், தாளின் அடுத்த பக்கத்தில் குறித்து வைத்துக்கொண்டு நான்காம் வாரத்துக்குத் தள்ளிப்போடுங்கள்.